அண்ணி பார்த்த படங்கள்

கொட்டகை முழுவதும் அழுதுகொண்டிருந்தபோது ஒரு பெண்ணின் சிரிப்பு மட்டும் உரக்கக் கேட்டது. ஆர்மோனியக் கட்டைகளின் மேல் என் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. ஈப்போவில் ஒரு சீன முதலாளி, தவுக்கே என்றுதான் அவரை எல்லாரும் அழைப்போம், தகரக் கூரை போட்டுப் படக்கொட்டகை ஒன்று நடத்திவந்தார். அதில் திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆர்மோனியம் வாசிப்பது அப்போது என் வேலை. படங்கள் பேசாத காலம். அன்று மதராசில் எடுத்த ஒரு ராஜா கதை ஓடிக்கொண்டிருந்தது. ராணி கைக்குழந்தையோடு காட்டுக்குப் போகிறாள். ராஜா கோட்டை வாசலில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு கதறுகிறார். நான் முகாரியை இழுத்துக்கொண்டிருந்தேன். தோட்டங்களிலிருந்து வந்த பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். சிரித்தது யாரென்று திரும்பிப் பார்த்தேன். என் அண்ணி. பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் முடிந்து வெளியே வந்ததும், ஏன் சிரித்தீர்கள் என்று அண்ணியைக் கேட்டேன். அண்ணிக்குக் காது கேட்காது. என் உதடுகளைப் பார்த்துப் புரிந்துகொண்டார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பதும் அவருக்குத் தெரியாது. சாலையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படிதான் பதில் சொன்னார்.

"அந்த ராஜா அழல தம்பி. 'சீக்கிரம் எடுத்து முடிங்கப்பா, வெயிலு மண்டைய பொளக்குது'ன்னு சொல்றான்."

அண்ணி பிறவியிலேயே செவிடு அல்ல. ஈப்போவுக்கு ஏழு மைல் தள்ளியிருந்த ஒரு கித்தாத் தோட்டத்து, அதாவது ரப்பர்த் தோட்டத்து, ஆஸ்பத்திரியில் அண்ணன் டிரெசராக இருந்தார். டாக்டர் மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, செத்தவர்களின் பெயரை எழுதிவைப்பது எல்லாம் அண்ணன்தான். கல்யாணமாகிக் கப்பலில் வந்த இரண்டாம் வருஷம் அண்ணிக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. மூச்சு இருக்கிறதா என்று மூக்கில் விரலை வைத்துப் பார்க்கும்படி கிடந்தார். காதைக் கெடுக்கக்கூடிய கொய்னா மருந்தை அண்ணன் அளவுக்கு மேல் கொடுத்தார். கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்று பின்னால் டாக்டரே சொன்னார். பதினோராம் நாள் கண் விழித்த அண்ணி, மழை ஏன் இப்படி விடாமல் பெய்கிறது என்று கேட்டாராம். வெளியே நல்ல வெயில். காதுக்குள் பெய்த அந்த மழையும் சில வாரங்களில் நின்றுபோனது. அதற்குப் பிறகு அவருக்கு எதுவுமே கேட்கவில்லை.

அந்தக் கொய்னாவைப் பற்றி அண்ணன் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பேசுவது குறைந்துகொண்டே வந்தது. முதலில் கையால் காட்டிப் பார்த்தார். பிறகு அதுவும் நின்றது. சோறு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. அண்ணிதான் உதடுகளைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்கத் தானாகவே பழகிக்கொண்டார். கிணற்றடியில் பெண்கள் பேசுவதை, ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளிகள் முனகுவதை, தூரத்தில் யாரோ யாரையோ திட்டுவதை எல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பார். அவரைப் படத்துக்கு அழைத்துவரும்படி அண்ணனிடம் சொன்னது நான்தான். அங்கே பேச்சே இல்லை, எல்லாரும் அண்ணி மாதிரிதான் உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். அண்ணன் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார்.

அதன் பிறகு படம் மாறும்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டத்துக்கு இருவரும் வந்துவிடுவார்கள். கொட்டகையில் படம் சொல்லுகிறவர் ஒருவர் இருந்தார். கையில் பிரம்பை வைத்துக்கொண்டு, இவன் அவளை இப்படிக் கேட்கிறான், அவள் அதற்கு இப்படிச் சொல்கிறாள் என்று தமிழில் கதை சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொல்வதை எல்லாரும் நம்பினார்கள். அவர் சொல்வது காதில் விழாத ஒரே ஆள் அண்ணி. அதனால்தானோ என்னவோ, படத்தைப் படமாகப் பார்த்தவரும் அவர் ஒருவர்தான். பம்பாயிலிருந்து வந்த ஒரு படத்தில் கதாநாயகியைக் கண்டு கொட்டகையே சொக்கிக் கிடந்தபோது, "அது ஆம்பள. தொண்டைய பாருங்க" என்றார். அவர் சொன்ன பிறகு எங்களுக்கும் அந்தத் தொண்டை மட்டுமே தெரிந்தது. ஷாங்காயிலிருந்து தவுக்கே தருவித்த ஒரு சீனப் படத்தில் மாமியாருக்குக் கால் பிடித்துவிடும் மருமகளைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் நிஜமாகவே யாருக்கோ கால் பிடித்துவிட்டிருக்கிறாள், கட்டைவிரல் போகிற போக்கைப் பார் என்றார். அமெரிக்காவிலிருந்து வரும் குதிரைச் சண்டைப் படங்கள் அவருக்குப் பிடிப்பதில்லை. குதிரைகள் மட்டும்தான் ஒழுங்காக நடிக்கின்றன என்பது அவருடைய அபிப்பிராயம்.

அவருக்கு மிகவும் பிடித்த படம் எந்தத் தேசத்தில் எடுத்தது என்றுகூட எனக்குத் தெரியாது. பனி பெய்யும் ஏதோ ஓர் ஊர். ஒரு கிழவர் வாசலில் உட்கார்ந்து உருளைக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருப்பார். மகன் கடலில் மூழ்கிவிட்டான் என்று ஒருவன் வந்து சொல்வான். கிழவர் நிமிர்ந்து பார்ப்பார்; பிறகு கையில் இருந்த கிழங்கை முழுக்கச் சீவி முடித்துச் சட்டியில் போடுவார். அவ்வளவுதான். படம் சொல்லுகிறவர் அந்த இடத்தில் ஒப்பாரி மாதிரி என்னென்னவோ சேர்த்துச் சொன்னார். நானும் என் பங்குக்கு ஆர்மோனியத்தை அழவைத்தேன். கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள். அன்று சாலை முனைக்கு வந்த பிறகுதான் அண்ணி சொன்னார். "வாயும் மூஞ்சியும் ஒண்ணையே சொல்லுச்சு தம்பி. அதான் நல்ல படம். வேற ஒண்ணுமில்ல." இத்தனை வருஷங்களில் படங்களைப் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டும் எழுதப் படித்தும் இருக்கிறேன். அதைவிடச் சரியான ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை.

அண்ணியின் பேச்சு மெல்லப் பரவியது. மதராஸ் படம் வந்தால் போதும், தோட்டத்துப் பெண்கள் அவரைச் சுற்றி இடம் பிடித்து உட்கார்ந்துகொள்வார்கள். "அக்கா, இவன் இப்ப நெசமா என்ன சொல்றான்?" என்று அவருடைய தோளைத் தட்டிக் கேட்பார்கள். அண்ணி உள்ளதைச் சொல்வார். தவம் இருக்கும் முனிவர் தனக்கு இன்னும் காப்பி வரவில்லை என்கிறார். காதலன் காதலியிடம், என் காலை மிதிக்காதே என்கிறான். சோகமான இடத்தில் சிரிப்பு வெடிக்கும். படம் சொல்லுகிறவர் பிரம்பைத் தரையில் தட்டிப் பார்ப்பார். யாரும் அவரைக் கவனிப்பதில்லை. எனக்கு அதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு இல்லை. டிரெசர் வீட்டு அம்மா கொட்டகையில் உட்கார்ந்து கத்துகிறாள் என்று தோட்டத்து ஆபீசில் பேச்சு வந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் தவுக்கேயும் என்னைக் கூப்பிட்டு மலாயில் சொன்னார்: படம் கொண்டுவருகிறவர்கள் கோபப்படுகிறார்கள், அந்தப் பெண் இனிமேல் வந்தால் நீ வரவேண்டாம். நான் இதை அண்ணனிடமும் சொல்லவில்லை, அண்ணியிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே தோட்டத்தில் வேறொன்று நடந்துவிட்டது.

அந்த வருஷம் கீழ் லயத்தில் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்துக்கொண்டிருந்தன. லயம் என்பது தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நீண்ட வரிசை வீடுகள். கீழ் லயத்துக்கு என்று இருந்தது ஒரே கிணறு. அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று அண்ணன் கண்டுபிடித்து, தோட்டத்து மேனேஜரான வெள்ளைக்காரத் துரைக்கு எழுதிக் கொடுத்திருந்தார். பார்க்கலாம், அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று துரை சொல்லிவிட்டார். அண்ணனும் விடவில்லை. தினமும் அந்த லயத்துக்குப் போய் மருந்து கொடுத்தார், திரும்பி வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், அவ்வளவுதான். வீட்டில் அண்ணியிடம்கூட அவர் அதைச் சொல்லவில்லை.

ஒருநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குப் பால் வெட்டப் போன பிறகு, ஆபீஸ் வராந்தாவில் துரையும் பெரிய கங்காணியும் பேசிக்கொண்டிருந்தார்கள். எதிரே ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துரையின் முதுகு இந்தப் பக்கம். கங்காணியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. கங்காணி சொன்னதை அண்ணி ஒரு வார்த்தை விடாமல் பார்த்தார். கிணறு கெட்டுப்போனது இப்போது தெரிந்தால் சனங்கள் வேறு தோட்டத்துக்கு ஓடிவிடுவார்கள், பால் நிறைய வருகிற மாதங்கள் முடியட்டும், அப்புறம் மூடிக்கொள்ளலாம். அண்ணி கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தார். கீழ் லயத்துக்கு நடந்துபோய்க் காத்திருந்து, மதியம் பால் வெட்டிவிட்டுத் திரும்பிய பெண்களிடம் தன் உரத்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னதில் சந்தேகப்பட யாருக்கும் ஒன்றுமில்லை. கொட்டகையில் அவர் சொன்னது எதுவும் தப்பாக இருந்ததில்லையே. இரண்டு நாள் கழித்துப் பெரட்டில் கீழ் லயத்து ஆட்களில் பாதிப் பேர் இல்லை. துணி மூட்டையோடும் குழந்தைகளோடும் வேறு தோட்டத்தைப் பார்த்துப் போய்விட்டார்கள்.

போனவர்களில் எத்தனை குழந்தைகள் பிழைத்தன என்று எனக்குத் தெரியாது. பிழைத்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் நடந்தது மட்டும் தெரியும். அண்ணி எதிரே வந்தால் கங்காணி தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டு பேசத் தொடங்கினார். அதைப் பார்த்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிகளும் கையால் வாயை மறைத்துக்கொண்டார்கள். பிறகு, அடுத்து என்ன வருமோ என்ற பயத்தில், லயத்துப் பெண்களும். ஒரு மாதத்துக்குள் அந்தத் தோட்டத்தில் அண்ணிக்குப் பார்க்க ஒரு வாய்கூட இல்லை. துரை அண்ணனைக் கூப்பிட்டு, நல்ல தமிழில், கோபப்படாமல் சொன்னாராம்: உன் மனைவியை ஊருக்கு அனுப்பு, இல்லாவிட்டால் நீயும் சேர்ந்து போ.

அண்ணன் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். மருந்து அறையில் நாங்கள் இருவரும் நின்று பேசினோம். கதவைச் சாத்தியிருந்தார். சன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தது. அதற்கு அப்பால் கொல்லையில் அண்ணி ஆஸ்பத்திரித் துணிகளைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தார். அந்தக் கண்ணாடியைப் பற்றி எங்கள் இருவருக்கும் அப்போது நினைவே வரவில்லை. அண்ணன் வெகுநேரம் மருந்துப் புட்டிகளை இடம் மாற்றி மாற்றி அடுக்கினார். பிறகு கேட்டார்.

"நீயே சொல்லுடா. என்ன செய்யட்டும்?"

"அனுப்பிடுங்கண்ணே. கொஞ்ச நாளைக்குத்தானே."

"காதும் கேக்காம அங்க போயி யாருகிட்ட இருப்பா?"

"அவங்க தம்பி இருக்காருல்ல. ஆறு மாசத்துல கூப்பிட்டுக்கலாம்."

நான் அப்படிச் சொன்னதற்கு அண்ணனுடைய வேலை மட்டும் காரணம் இல்லை. தவுக்கே சொன்னது என் மனத்தில் இருந்தது. அண்ணி ஊருக்குப் போய்விட்டால் அவரைக் கொட்டகைக்கு வரவேண்டாம் என்று நான் சொல்லவேண்டிய அவசியமே இருக்காது. அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்க எனக்கு இதைவிடச் சுலபமான வழி கிடைத்திருக்காது. அண்ணன் தலையை ஆட்டினார். அவர் எதிர்பார்த்ததும் அந்தப் பதிலைத்தான். இன்னொருவர் வாயிலிருந்து அது வந்ததில் அவருக்கு ஆறுதல். திரும்பியபோதுதான் பார்த்தேன். அண்ணி ஈரப் போர்வை ஒன்றைக் கையில் பிடித்தபடி கண்ணாடிக்கு நேராக நின்றுகொண்டிருந்தார். போர்வையிலிருந்து தண்ணீர் அவருடைய காலில் சொட்டிக்கொண்டிருந்தது.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது அண்ணி வாசலுக்கு வந்தார். அவர் கோபமாக இல்லை. படம் பார்த்துவிட்டு வெளியே வந்து பேசுவாரே, அதே முகம்.

"கொஞ்ச நாளைக்குத்தான்னு நீ சொன்னப்ப உன் மூஞ்சி வேற சொல்லுச்சு தம்பி."

அவர் குரலை நான் கடைசியாகக் கேட்டது அதுதான்.

அடுத்த மாதம் ஈப்போவில் ரயில் ஏறிப் பினாங்கு போனோம். வழி நெடுக அண்ணி சன்னலோரத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். தைப்பிங்கில் வண்டி நின்றபோது அண்ணன் பழம் வாங்கி நீட்டினார். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கம் அவர் திரும்பவே இல்லை. துறைமுகத்தில் நாகப்பட்டினம் போகும் கப்பல் நின்றது. ஊருக்குத் திரும்பும் கிழவர்கள், நோயாளிகள், விதவைகள் என்று ஒரு கூட்டம். அதே ஊர்ப் பக்கம் போகிற ஒரு குடும்பத்திடம் அண்ணன் அவரை ஒப்படைத்தார். காது கேட்காது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். படி ஏறி மேல்தளத்துக்குப் போன அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல்முறையாக எங்களைப் பார்த்தார். அப்போது அண்ணன் என்னிடம் ஏதோ சொல்லவேண்டும் என்று திரும்பினார். திரும்பும்போதே, தன்னை அறியாமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயை மூடிக்கொண்டார். அவர் சொன்னது ஒன்றுமில்லை. ரயிலுக்கு நேரமாகிவிடும் என்றார். பதில் சொல்ல என் கையும் வாய்க்குப் போனது. போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கையை இறக்கி நிமிர்ந்து பார்த்தபோது அண்ணி கடல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஆறு மாதம் ஆயிற்று. துரையிடம் போய்க் கேட்க அண்ணனுக்குத் தைரியம் வரவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை. கீழ் லயத்துக்குக் கப்பலில் புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். அதே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். அண்ணன் பழையபடி மருந்து கொடுத்துவிட்டு வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு கித்தா விலை விழுந்தது. தோட்டங்கள் ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பின. இரண்டு மூன்று ஆஸ்பத்திரிகளை ஒன்றாகச் சேர்த்தபோது அண்ணனுக்கு அங்கே இடமில்லை என்றார்கள். பெட்டியோடு என் அறைக்கு வந்து சேர்ந்தார். அவர் வந்த சில மாதங்களில் கொட்டகைக்குப் பேசும் படம் வந்தது. தவுக்கே என் தோளைத் தட்டிக்கொடுத்து ஆர்மோனியத்தை வீட்டுக்கு எடுத்துப்போகச் சொன்னார். நான் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். எந்த வேலைகளைக் காப்பாற்றிக்கொள்வதற்காக அண்ணியைக் கப்பல் ஏற்றினோமோ, அந்த இரண்டும் எங்களிடம் இல்லை.

இப்போது அந்தக் கொட்டகை நின்ற இடத்தில் மரச்சாமான் கடை இருக்கிறது. ஈப்போவில் நல்ல நல்ல தியேட்டர்கள் வந்துவிட்டன. பேரப்பிள்ளைகள் என்னையும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். எங்கே பார்த்தாலும் பேச்சு, பாட்டு. நான் நடிகர்களின் உதடுகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். குரல் ஒருவருடையது, வாய் இன்னொருவருடையது என்று சொல்கிறார்கள். முகம் என்ன சொல்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அண்ணன் என் அறைக்கு வந்து சேர்ந்த அந்த வருஷக் கடைசியில் ஊரிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அண்ணியின் தம்பி யாரையோ கொண்டு எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, ஒன்பது நாள் கிடந்து, அண்ணி இறந்துபோனார் என்று இருந்தது. காரியங்கள் எல்லாம் முறைப்படி நடந்தன என்றும் இருந்தது. கீழே இன்னும் சில வரிகள். "அக்காவுக்குக் காது கேட்காது என்று எழுதியிருந்தீர்கள். வாய் பேசாது என்று எழுதவில்லை. வந்து இறங்கிய நாள் முதல் கடைசிவரை அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்போதிலிருந்து இப்படி என்று எங்கள் அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். தயவுசெய்து தெரியப்படுத்தவும்."

அண்ணன் இரண்டுமுறை படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் வீட்டுக் கடிதங்களை எப்போதும் நான்தான் எழுதுவேன். தாளை எடுத்து வைத்து, பேனாவில் மை நிரப்பி, ஊர்ப் பெயரும் தேதியும் எழுதினேன். அண்ணன் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அந்தத் தாளில் ஒன்றும் எழுதவில்லை.